98 மாடல் மெட்டடார் கேம்பர்: கூரை ஒழுக்கை கண்டுபுடிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு

வேன் கைமாறிப் போயி ஒரு மாசம் ஆவுது, வூட்டு வாசல்ல எண்ணெய் கறை மட்டும் பாக்கி இருக்கு. இப்ப எழுதலன்னா மறந்துடும்னு தான் உக்காந்தேன். பழைய வேனை வாங்கி உள்ள படுக்கை, அடுப்பு எல்லாம் போட்டு ஊர் சுத்தணும்னு ஆசை இருக்குறவங்க படிங்க, முக்கியமா கடலோரம் குடியிருக்கறவங்க.

வாங்குனது 2024 பிப்ரவரில. மிக்ஜாம் புயல்ல (2023 டிசம்பர்) வியாசர்பாடி பக்கம் தண்ணில நின்ன வண்டி. ஓனர் சமையல் காண்ட்ராக்ட் எடுக்குறவரு, பாத்திரம் ஏத்திட்டு போறதுக்கு வெச்சிருந்தாரு, தண்ணி சீட்டு வரைக்கும் ஏறுனதுக்கு அப்புறம் தொடவே இல்ல. ஒயிட் போர்டு, 1998 ரெஜிஸ்ட்ரேஷன், ஆர்சி 2028 வரைக்கும் ரினீவல் பண்ணி வெச்சிருந்தாரு. 95 ஆயிரம் கேட்டாரு, 78,000க்கு முடிச்சேன். எதுக்கு மெட்டடாருன்னு எல்லாரும் கேட்டாங்க, ஆம்னி வாங்குனா ஸ்பேர் ஈஸி இல்லயான்னு. எனக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, சின்ன வயசுல கல்யாணம், வேளாங்கண்ணி எல்லாம் இதுல தான் போனோம். ரெண்டாவது தான் நிஜ காரணம், இது முன் சக்கர டிரைவ் வண்டி, அடியில பின்னாடி வரைக்கும் ஷாஃப்ட் போவாது, அதனால தளம் தாழ்வா தட்டையா இருக்கும், உள்ள கொஞ்சம் குனிஞ்சா நிக்கலாம். அசல் டிசைன் ஜெர்மன் டெம்போ கம்பெனியோடது, லைசென்ஸ் வாங்கி புனேல பஜாஜ் டெம்போ செஞ்சது, அதே கம்பெனி தான் 2005ல ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேரு மாத்துச்சு. என் வண்டில இருந்தது பென்ஸ் லைசென்ஸ் இன்ஜின், ஓஎம் 616, 2.4 லிட்டர் டீசல். அதே கம்பெனியோட டிராக்ஸ், டிராவலர் வண்டிங்கள்லயும் இதே இன்ஜின் ஓடுனதால புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல பார்ட்ஸ் கெடைக்கும். பாடி பார்ட்ஸும் முன் ஆக்ஸில் ஜாயிண்டும் தான் பேஜார், ஒரு சைடு ஜாயிண்டுக்கு மூணு ஞாயித்துக்கிழமை அலைஞ்சேன்.

தண்டையார்பேட்டைல எங்க தெருவுக்கு டோ பண்ணி கொண்டாந்து நிறுத்துன அன்னிக்கே எதிர் வூட்டு ஆயா "யாரு தவறிட்டாங்க"ன்னு கேட்டுது. வெள்ளை கலர் மெட்டடார் நின்னா எங்க ஏரியாவுல அமரர் ஊர்தின்னு தான் நெனப்பாங்க. அதுக்காகவே சைடுல ஒரு ஆரஞ்சு பட்டை அடிச்சேன், 600 ரூபா.

இன்ஜின் வேலைய சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அதுல நான் தப்பு பண்ணல, மெக்கானிக் அண்ணன் பண்ண விடல. சாவியவே தொடாதன்னுட்டாரு. சிலிண்டர்ல தண்ணி இருந்து ஸ்டார்ட்டர் அடிச்சா தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு தான் வளையும். ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டிட்டு இன்ஜினை கையால சுத்துனோம், ரெண்டு ஓட்டை வழியா தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு. டிப் ஸ்டிக்கை இழுத்தா எண்ணெய் டீ கலர்ல இருந்துச்சு, பால் ஜாஸ்தி போட்ட டீ. வடிச்சிட்டு வெல கம்மி எண்ணெய் ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டி வடிச்சு, மறுபடி ஊத்தி ஓட்டி வடிச்சு, மூணாவது தடவை தான் நல்ல எண்ணெய். டேங்க் கழட்டி கழுவுனது, ஃபில்டர், ஹீட்டர் பிளக், ஸ்டார்ட்டர் சர்வீஸ், பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் நாலு, ஷூ, பேரிங், முன் ஜாயிண்டு, கூலி எல்லாம் சேத்து 46,000. டயர் நாலு 18,400. மே மாசக் கடைசில எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல எர்ணாவூர் வரைக்கும் ஓட்டி திரும்புனேன், 50க்கு மேல போவல, ஆனா சந்தோஷம் தாங்கல.

இந்த சந்தோஷத்துல தான் புத்தி கெட்டுது. பாடிய ஒழுங்கா பாக்காம நேரா உள்வேலைக்கு போயிட்டேன். கார்பெண்டர் தம்பி கமர்ஷியல் ப்ளை போதும்ணே உள்ள தானேன்னாரு, நானும் சரின்னேன். கூரைக்கும் சைடுக்கும் வெயிலுக்காக கிளாஸ் வுல் திணிச்சு மேல 6 எம்எம் ப்ளை அடிச்சு மூடிட்டோம், படுக்கை 6 அடிக்கு 4 அடி, அதுக்கு கீழ பெட்டி, பின் கதவு பக்கம் அடுப்பு மேடை 2 அடி 8 அங்குலம் ஒசரம். எல்லாத்தையும் பழைய சீட்டு போல்ட் ஓட்டைலயே மாட்டுனேன், பாடிய வெட்டக் கூடாதுன்னு ஒரு கொள்கை. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு பிரகாரம் ஆர்சில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்துனா பிரச்சனை, சீட்டெல்லாம் கழட்டி மொட்டை மாடில பத்திரமா வெச்சிருந்தேன், எஃப்சிக்கு, அதாவது வண்டிய ஆர்டிஓ கிட்ட சோதனைக்கு காட்ட போறப்ப திரும்ப மாட்டணுமே. இவ்ளோ பேசுற நானே கூரைல 8 அங்குலத்துக்கு ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுனேன். சமைச்சா பொகை போகணும்ல, அப்பிடின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உள்வேலை 38,000, ஃபேன் 3,200.

செப்டம்பர்ல பழவேற்காடு போனோம், நானு, வூட்டுக்காரம்மா, பையன். பொன்னேரி வழியா ரெண்டு மணி நேரம், ஏரி ஓரம் நிறுத்தி எறா வறுத்து சாப்பிட்டுட்டு தூங்குனோம். கொசுவ தவிர குறை இல்ல.

அக்டோபர் 15ந் தேதி மெட்ராஸ்ல கனமழை. காலையில கதவ தொறந்தா ஃபேன் ஓரமா சொட்டு சொட்டுன்னு மெத்தை மேல விழுது. ஓட்டை போட்டது நான், சொட்டுறது அங்க, வேற என்ன யோசிக்கப் போறேன். சிலிக்கான் டியூப் வாங்கியாந்து ஃபேன் சுத்தி அப்புனேன். அடுத்த மழைக்கும் சொட்டுச்சு. இன்னும் அப்புனேன். ஏணி போட்டு மேல ஏறி பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தி பாத்தேன், சொட்டும், திரும்ப அப்புவேன். நவம்பர் முடியறதுக்குள்ள பதினோரு டியூப், 2,000 ரூபா. அதுவும் காடி வாசனை அடிக்கும் பாருங்க அந்த வெல கம்மி சிலிக்கான், அது வெறும் இரும்புல பட்டா துருவ சீக்கிரம் கெளப்பி விடும், அது மேல பெயிண்டும் நிக்காது. இது எனக்கு எட்டு மாசம் கழிச்சு டிங்கர் பாய் (வண்டி தகடு வேலை பாக்கறவரு) திட்டுனப்ப தான் தெரிஞ்சுது.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ராத்திரி முழுக்க மழை. மறுநாள் மெத்தைய புழிஞ்சா ஒரு பக்கெட் தண்ணி. படுக்கை ப்ளை ஓரமெல்லாம் ஊறி அப்பளம் மாதிரி விரிஞ்சு நிக்குது. கூரை ப்ளைய கழட்டுனா கிளாஸ் வுல் நனைஞ்ச கோணி மாதிரி தொங்குது, நாத்தம் கொமட்டிடுச்சு. பையன் உள்ள எட்டிப் பாத்துட்டு "கலீஜா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு ஓடிட்டான். எல்லாத்தையும் கழட்டி குப்பை வண்டிக்கு குடுத்தேன், அவங்க எடுக்க 500 கேட்டாங்க, நியாயம் தான்.

கிளாஸ் வுல் போனப்புறம் தான் முதல் தடவையா கூரையோட அடிப்பக்கத்த கண்ணால பாத்தேன். தகடுக்கு முட்டு குடுக்கற பட்டைங்க குறுக்க ரிப்பு ரிப்பா போவுது, ஃபேன் பக்கத்து ரிப்புல துருக் கோடு இடது ஓரம் வரைக்கும் நீளமா ஓடி இருக்கு. அப்ப கூட ஃபேன்லேர்ந்து தண்ணி ஓரத்துக்கு போயிருக்குன்னு நெனச்சேனே தவிர ஓரத்துலேர்ந்து ஃபேனுக்கு வந்திருக்குன்னு தோணல.

பொங்கல் முடிஞ்சு காசிமேட்டுல ஃபைபர் போட்டு ரிப்பேர் பண்ற ஒரு அண்ணனை போய் பாத்தேன். கடல்ல போற போட்டையே ஒழுகாம பண்றவங்க, வேன் கூரை என்ன பெருசுன்னு ஒரு கணக்கு. அவரு வந்து கூரைய பாத்ததும் சொன்ன முதல் வார்த்தையே "இது இரும்பாச்சே, நான் ஃபைபர் மேல ஃபைபர் போடுறவன், இது எவ்ளோ நாளு புடிச்சி நிக்கும்னு சொல்ல மாட்டேன் தம்பி" அப்பிடின்னாரு. நான் தான் பரவால்ல போடுங்கண்ணேன்னு கட்டாயப்படுத்துனேன். அவரு மேல தப்பே இல்ல. ஓரத்துல மழைத் தண்ணி வழிஞ்சு ஓட ஒரு மடிப்பு இருக்குமே, டிங்கருங்க காவான்னு சொல்றது, அதையும் சேத்து கூரை மொத்தமும் எமரி போட்டு தேச்சுட்டு 450 கிராம் மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு) ரெண்டு லேயரு, பாலியெஸ்டர் ரெசின் 10 கிலோ.

இந்த வேலைய கூட நின்னு கத்துக்கிட்டேன், அது மட்டும் லாபம். ரெசின்ல மொதல்ல கோபால்ட்டு கலந்து நல்லா கலக்கி வெச்சிடணும், அப்புறம் தேவைப்படறப்ப ஒரு கிலோவுக்கு 10லேர்ந்து 20 கிராம் கேட்டலிஸ்ட்டு. ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலந்தா தீ புடிக்கும், வெடிக்கவும் செய்யும், அந்த ரெண்டு டப்பாவையும் அவரு ஒரே பையில கூட வைக்க மாட்டாரு. நம்ம ஊர் சூட்டுக்கு கலந்து பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஜெல்லி மாதிரி ஆயிடும், அதனால அரை கிலோ அரை கிலோவா தான் கலக்கணும். ரோலர் போட்டு காத்து முட்டைய விரட்டறது தான் வித்தையே, நான் போட்ட பக்கம் வெள்ளை வெள்ளையா முட்டை நின்னுது, அவரு போட்டது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மொத்தம் 9,500.

பிப்ரவரி, மார்ச்சுல மழை இல்ல, நானும் ஜெயிச்சிட்டேன்னு சுத்திக்கிட்டு இருந்தேன். அக்னி நட்சத்திரம் வந்துச்சு. மதியம் கூரைல கை வைக்க முடியாது, சாயந்தரம் கடல் காத்து வந்ததும் ஆறும், தினமும் இரும்பு விரிஞ்சு சுருங்க, ஃபைபர் ஓரம் லேசா தூக்குச்சு. ஸ்க்ரூ டிரைவர வுட்டு நெம்பினேன், பப்பட தோல் மாதிரி ரெண்டு அடி நீளத்துக்கு அப்பிடியே உரிஞ்சு வருது, அடியில புதுத் துரு, ஆரஞ்சு கலர் பொடி. கடல்லேர்ந்து எங்க தெரு அரை கிலோமீட்டர் கூட இருக்காது, உப்புக் காத்துக்கு ஒரு கீறல் கெடைச்சா போதும்.

அன்னிக்கு சாயந்தரம் காசிமேட்டுக்கே போயி அண்ணன் கிட்ட காட்டுனேன். சிரிக்கல. எப்பிடி ஒழுக்கு பாத்தன்னு கேட்டாரு. மேல ஏறி தண்ணி ஊத்துனேன்னேன். "மேலேர்ந்து ஊத்துனா எல்லா எடத்துலயும் தானே பூரும், எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னா தெரியும் உனக்கு? உள்ளேர்ந்து காத்து அடி, வெளிய சோப்பு தண்ணி தடவு, பஞ்சர் பாக்கறாப்ல." பதினோரு டியூப் சிலிக்கானுக்கு அப்புறம், 9,500 ரூபா ஃபைபருக்கு அப்புறம், ஓசில கெடைச்ச யோசனை.

ஜூன் முதல் ஞாயிறு பண்ணேன். எப்பிடின்னு முழுசா சொல்றேன், இந்தப் பதிவுல உருப்படியான விஷயம் இது ஒண்ணு தான். 600 வாட் கை ப்ளோயர் ஒண்ணு, 1,300 ரூபா, வூட்டுல தூசி ஊத இப்பவும் யூஸ் ஆவுது அதனால கணக்குல சேக்கல. டிரைவர் பக்கத்து கண்ணாடிய எறக்கிட்டு அந்த எடத்துக்கு தெர்மாகோல் அட்டை வெட்டி சொருகி, அதுல ஓட்டை போட்டு ப்ளோயர் மூக்க நொழைச்சு சுத்தி டேப் ஒட்டியாச்சு. டேஷ்போர்டு காத்து வழி, பெடல் ஓட்டைங்க, தளத்துல இருந்த ரெண்டு வடிகால் ஓட்டை, எல்லாம் மாஸ்கிங் டேப். இன்ஜின் மூடி ஓரம் தான் அடைக்கவே முடியல, பழைய போர்வைய சுத்தி அமுக்குனேன். முழுசா அடையணும்னு அவசியம் இல்ல, உள்ள கொஞ்சம் காத்து அழுத்தம் நின்னா போதும், ஒரு கதவ லேசா தொறந்தா புஸ்ஸுன்னு வரணும். அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட் நாலு ஸ்பூன் ஒரு மக்கு தண்ணில, 3 அங்குல பெயிண்ட் பிரஷ், ஏணி. கீழேர்ந்து மேல தடவிக்கிட்டே போனேன், பையன் சாக்பீஸோட கூட நின்னான்.

ஃபேன் சுத்தி ஒரு முட்டை கூட வரல. ஒண்ணு கூட. நான் அப்புன சிலிக்கான் அங்க கல்லு மாதிரி அடைச்சிருந்துச்சு. இடது பக்க காவால மூணு எடத்துல நொரை பொங்குது, ஃபைபர் உரிஞ்ச எடத்துலயே ரெண்டு, அதுல ஒண்ணு கோலிகுண்டு சைஸுக்கு முட்டை வுடுது. பின் கதவு கீல் மேல ஒண்ணு. முன் கண்ணாடிய சுத்தி இருக்கற ரப்பர் பீடிங் மேல் மூலையில சின்னதா ஒண்ணு. மொத்தம் அஞ்சு, அஞ்சுக்கும் பையன் வட்டம் போட்டான்.

கூரைத் தகடும் சைடு தகடும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற எடத்துல ஸ்பாட் வெல்டிங் அடிச்சு அந்த இடுக்குல கம்பெனில ஒரு பசை தடவி இருப்பாங்க, அது 27 வருஷத்துல காஞ்சு வெடிச்சு, இடுக்கு வழியா தண்ணி உள்ள பூந்து, ரிப்பு மேலயே ஓடி, பள்ளமான எடத்துல சொட்டி இருக்கு. எங்க தெரு குறுகல், இடது சக்கரத்த வூட்டு வாசப்படி சரிவு மேல ஏத்தி தான் எப்பவும் நிறுத்துவேன். அதனால வண்டி இடதுலேர்ந்து நடுவுக்கு சாஞ்சு நிக்கும், தண்ணி ஒழுங்கா ஃபேன் பக்கம் வந்து சேந்திருக்கு. வண்டிய வேற மாதிரி நிறுத்தி இருந்தா வேற எடத்துல சொட்டி இருக்கும், நானும் வேற எடத்த தேடி இருப்பேன்.

அப்புறம் டிங்கர் பாய் கிட்ட, கொருக்குப்பேட்டைல ஒரு மர நிழல் தான் அவரு ஷெட்டு. ஃபைபர சொரண்டி எடுக்கறதுக்கே ரெண்டு நாளு, சிலிக்கான் எடுக்க அரை நாளு, அந்த அரை நாள் முழுக்க திட்டு. இடது காவால 4 அடி நீளம் அழுகிப் போன தகட வெட்டி எடுத்துட்டு 20 கேஜ் தகடு மடிச்சு, சிஓடூ வெல்டிங்ல அங்க ஒரு புள்ளி இங்க ஒரு புள்ளின்னு வெச்சு அடிச்சாரு, ஒரே இழுவையா இழுத்தா சூட்டுல கூரை நெளிஞ்சிடும். ஃபேன் ஓட்டைக்கும் அதே தகடு வெச்சு மூடியாச்சு, கொள்கை திரும்ப வந்துடுச்சு. கூலி, தகடு, பீடிங் ரப்பர் சேத்து 14,000. ரெட் ஆக்சைடு போதும்னு பாயே சொன்னாரு, நான் தான் இந்த தடவை புடிவாதமா எபாக்சி பிரைமர் ரெண்டு கோட்டு அடிக்க வெச்சேன். அது காஞ்சதும் பியூ சீலன்ட்டு, இடுக்க அடைக்கற ரப்பர் மாதிரி பசை, சாசேஜ் மாதிரி பாக்கெட்ல வரும், அதுக்குன்னு தனி கன் வேணும், பாய் கிட்ட இருந்துச்சு. எட்டு பாக்கெட்டு, ஒண்ணு 420, ஆக 3,360. ரெண்டு பக்க காவாவும் முழு நீளத்துக்கு போட்டு சோப்பு தண்ணி தொட்ட வெரலால இழுத்து வுட்டோம். மேல வெள்ளை பெயிண்ட்டு, கூரை மட்டும், பிரைமரோட 11,000. திரும்ப ப்ளோயர் டெஸ்ட்டு. பீடிங் மூலையில மட்டும் லேசா நொரை, அங்க கொஞ்சம் சீலன்ட்டு. மூணாவது டெஸ்ட்டுல ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது உள்வேலை ஆகஸ்ட், செப்டம்பர். ப்ளை எல்லாம் ஐஎஸ் 710 முத்திரை பாத்து வாங்குன மெரைன் ப்ளை, வெட்டுன ஓரத்துக்கெல்லாம் வார்னிஷ். கிளாஸ் வுல்லுக்கு பதிலா ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டுன எக்ஸ்எல்பிஈ ஃபோம் ஷீட்டு, தண்ணி குடிக்காது, கூரைல ரிப்பு தெரியற மாதிரி வுட்டு ஒட்டுனேன், எப்பவாவது சொட்டுனா கண்ணுக்கு தெரியணும். படுக்கைய 5 அடி 10 அங்குலமா குறைச்சேன், என் ஒசரம் 5 அடி 6, முன்ன போட்ட 6 அடி எதுக்குன்னு இப்பவும் புரியல. 52,000. பேட்டரி, சோலார் பேனல், 12 வோல்ட் ஃபேன் ரெண்டு, லைட்டு 41,000, அத பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, எலெக்ட்ரீஷியன் நல்லவரு. கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு மட்டும் அடியில காத்து போற வழி வைக்க மறக்காதீங்க, கேஸ் கனம், கீழ தான் தேங்கும்.

மழைக் காலம் முழுக்க தெருவுல நின்னுது. ராத்திரி டார்ச்சோட போயி ரிப்பு ரிப்பா தடவி பாப்பேன், காஞ்சு கெடக்கும். வூட்டுக்காரம்மா கொழந்தைக்கு ஜொரம் பாக்கற மாதிரி பாக்குறன்னு கிண்டல்.

விக்கறதுக்கு காரணம் வேனு இல்ல, தெரு. மெட்ரோ வாட்டர் லாரி திரும்ப முடியலன்னு தெனம் ஒரு சண்டை. விளம்பரம் போட்டதும் வந்த போன்ல பாதி ஷூட்டிங்குக்கு வாடகைக்கு குடுப்பியான்னு. நேர்ல வந்தது ஆறு பேரு, நாலு பேரு உள்ள படுத்து பாத்து செல்ஃபி எடுத்துட்டு போனவங்க. ஒருத்தர் ஆகஸ்ட் 2025ல 20 வருஷம் தாண்டின காரு, வேனுக்கு ரினீவல் ஃபீஸ 5,000லேர்ந்து 10,000 ஆக்கிட்டாங்கன்னு சொல்லியே 40 ஆயிரம் கொறைக்க பாத்தாரு, ரினீவல் 2028ல தான் சார்னு சொன்னா காதுலயே வாங்கல. கடைசியா பாண்டிச்சேரிலேர்ந்து ஒரு ஜோடி வந்தாங்க. அவங்க கிட்ட செல்போன்ல இருந்த துரு போட்டோ, உரிஞ்ச ஃபைபர் போட்டோ, நொரை வீடியோ எல்லாம் காட்டிட்டேன். காட்டுனா வெல எறங்கும்னு நெனச்சு தான் காட்டுனேன், அந்தப் பொண்ணு வீடியோவ ரெண்டு தடவை பாத்துட்டு இது போதும்னா. 2,70,000. ஓனர் பேரு மாத்த ஃபார்ம் 29, 30, வேற மாநிலம் போறதால என்ஓசிக்கு (ஆட்சேபனை இல்லன்னு ஆர்டிஓ குடுக்கற சர்டிபிகேட்) ஃபார்ம் 28, எல்லாம் ரெண்டு வாரத்துல முடிஞ்சுது. மொட்டை மாடி சீட்டையும் சேத்து குடுத்துட்டேன்.

நோட்டு போட்டு கூட்டுனேன், டீசல், இன்சூரன்ஸ், ஆரஞ்சு பட்டை எல்லாம் வுட்டுட்டு போட்டது 3,16,460. கைய கடிச்சது 46,460. முதல் உள்வேலை 38,000, சிலிக்கான் 2,000, ஃபைபர் 9,500, இந்த மூணு மட்டும் 49,500. வூட்டுக்காரம்மா கிட்ட இந்த ரெண்டு நம்பரையும் ஒரே நேரத்துல சொல்லல.

அடுத்து மாதவரத்துல ஒரு பழைய ஆம்னி இருக்கு, 2004 மாடல், 55 ஆயிரம் சொல்றாரு. ப்ளோயரும் மாஸ்கிங் டேப்பும் எடுத்துட்டு வரேன், ஆனா மழை பெய்யற அன்னிக்கு தான் வருவேன்னு சொல்லி வெச்சிருக்கேன். மனுஷன் போன வாரம் வெயில்ல ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு.